மணிக்கு மூன்றாவது ஊசி

12.8.2003, செவ்வாய்

பூனை மணி இன்றும் சாப்பிடவில்லை. பள்ளி விட்டதும் மூன்றாம் முறையாகக் கூடையில் வைத்து மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன்.

"என்னன்னே பிடிபடலை டீச்சர். இன்னொரு ஊசி போட்டுப் பாப்போம்" என்றார். பிடிபடாத நோய்க்கு எதற்கு ஊசி? கேட்கத் தைரியம் வராமல் முந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் வெடித்துவிட்டேன். "இனிமே ஒரு பைசா செலவழிக்க மாட்டேன். பிழைச்சா பிழைக்கட்டும்."

பூனையே ஆகாது என்று தினமும் கத்தும் என் வீட்டுக்காரர், கூடையைத் திறந்து மணியை மடியில் கிடத்திக்கொண்டார். "நாளைக்கு லீவு போடுறேன். மதுரைல காட்டுவோம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இதை முதல் வாரமே சொல்லியிருந்தால் நான் ஒருத்தியாக அலைந்திருப்பேனா? இருந்தும், "நானும் வாரேன்" என்று சொல்லித் தொலைத்தேன். ஐந்து மணி பஸ். அலாரம் வைக்கச் சொல்லலாம் என்று திரும்பினால், அதற்குள் குறட்டை.