அறுவடைக்குப் பிந்திய தும்மல்

முரசுமோட்டை

என்னோடு கோபமாக இருக்கும் என் அன்புக்குரியவளுக்கு,

நீர் போனை எடுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதி, இன்றே அங்கு வரும் உம்முடைய தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன்.

கூரை திருத்த வேண்டும் என்று சொல்லித்தான் உம்மையும் கைக்குழந்தையையும் கொக்கிளாய்க்கு, உம்முடைய அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். கூரைக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் தும்மலும் இருமலும் நிற்கவில்லை. வயலில் நெல் அறுக்கும் அருவி வெட்டுக் காலத்தில் தூசிக்குத் தும்முவது வழக்கம். வெட்டு முடிந்து இவ்வளவு காலமாகியும் விடவில்லை என்றதும் அண்ணாவின் நினைவு வந்தது. அவரைக் காசநோய் கொண்டுபோனது உமக்குத் தெரியும். பிள்ளைக்கும் உமக்கும் தொற்றிவிடுமோ என்று பயந்துதான் அனுப்பினேன்.

இன்று கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவு சொன்னார்கள்.

"காசநோய் இல்லை, ஒவ்வாமைதான்" என்றார் டொக்டர் அம்மா.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "இப்ப வயலில தூசியே இல்லையே, டொக்டர்?"

"வயலை விடுங்கோ. படுக்கிற அறையில என்ன கிடக்குது?"

"நெல்லு மூடையள். வயலில இருந்து ஏத்தேக்க மழையில நனைஞ்சது."

"பூஞ்சணம் பிடிச்சிருக்கும். முதல்ல அதை வெளியில எடுங்கோ" என்று சிரித்தார்.

வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பார்த்தவர்கள் கெட்ட செய்தி என்று நினைத்திருப்பார்கள்.

மூடைகளை எடுத்துவிட்டு அறையைக் கழுவினேன். டொக்டர் அம்மா தந்த குளிசையும் போட்டேன். தும்மல் இன்னும் வருகிறது, வந்துவிட்டுப் போகட்டும்.

நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன். போன முறைபோலப் பிள்ளையைத் தூக்காமல் படலை வாசலோடு திரும்பமாட்டேன். பிள்ளையை என் கையில் தாரும். அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் ஏசும்.

ஏச்சு வாங்கத் தயாராக,
பிள்ளையின் அப்பா