மூன்றாவது சக்கரத்தில் ஒரு மணி

சான் பிரான்சிஸ்கோ
2 மார்ச் 1903

அன்புள்ள புர்கி,

உன் கடிதம் கிடைத்தது. நீ போன நான்கு மாதத்தில் இது மூன்றாவது. அதிலும் பாதி உன் அக்கா ரெஸியின் கோழிகளைப் பற்றி. கோழிகள் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. நான் நலமா என்று கேட்கத்தான் தாளில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

நலம்தான். தோள்பட்டை வலி மட்டும் விடவில்லை. பட்டறையில் சூதாட்டக் காசு யந்திரங்கள் எட்டு பாதி முடிந்து நிற்கின்றன. மதுக்கடைக்காரர்கள் எல்லாருக்கும் உடனே வேண்டும். காசைப் போட்டு, கைப்பிடியை இழுத்து, மூன்று சக்கரத்திலும் மணிப்படம் வந்து நின்று பெரும் பரிசு கொட்டுமா என்று பார்க்க ஆட்கள் முறை வைத்துக் காத்திருக்கிறார்களாம். எனக்கோ அந்தக் கடகடச் சத்தம் கேட்டாலே அலுப்பாக இருக்கிறது. சக்கரத்துப் படங்களை வரைய ஒரு பெயர்ப்பலகைக்காரனைப் பிடித்தேன். குதிரை லாடம் பரவாயில்லை. மணியை வரையச் சொன்னால் வெங்காயம் வரைந்து வைத்திருக்கிறான். உன் கை யாருக்கும் வராது.

எப்போது வருகிறாய்? கோபம் இருந்தால் இங்கே வந்து காட்டு. வீட்டில் அடுப்பாவது எரியும்.

உன்,
ஆல்பன்


பெட்டலூமா
9 மார்ச் 1903

அன்புள்ள ஆல்பனுக்கு,

தோளுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுங்கள். அலமாரியின் கீழ்த்தட்டில் துணிப்பை இருக்கிறது.

கோபத்தில் வந்தேன் என்று இன்னும் நினைக்கிறீர்கள். நான் உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஹூபரின் மதுக்கடையிலிருந்து உங்கள் யந்திரத்தை எடுத்துவிடுங்கள், என் தம்பி அங்கேதான் பழியாய்க் கிடக்கிறான் என்றேன். "என்னுதை எடுத்தா இன்னொருத்தனோடது வரும்" என்றீர்கள். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

போன வாரம் ஸெவரின் எழுதியிருந்தான். "அக்கா, நேத்து ரெண்டு மணி வந்து நின்னுடுச்சு. மூணாவது நூலிழையில நழுவிடுச்சு. இன்னும் ரெண்டு நாள்ல பாரு." கீழே ஒரு வரி: உளியையும் இழைப்புளியையும் விற்றுவிட்டானாம். தச்சன் அவன். இனி எதை வைத்து வேலை செய்வான்?

நூலிழை இல்லை, ஆல்பன். நமக்குத் தெரியும். முதல் சக்கரத்தில் மூன்று மணி, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் ஒன்றே ஒன்று. நம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வரைந்தவள் நான். "ஏன் இதில் ஒன்று மட்டும்?" என்று கேட்டதற்கு, "அப்பத்தான் கிட்ட வந்து போன மாதிரி இருக்கும்" என்றீர்கள். நானும் சிரித்தேன்.

அவனிடம் அதையாவது சொல்லுங்கள்.

வால்புர்கா


சான் பிரான்சிஸ்கோ
23 மார்ச் 1903

அன்புள்ள புர்கி,

சொல்லவில்லை. காட்டியே விட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹூபரின் கடைக்குப் போனேன். ஸெவரின் யந்திரத்துக்கு முன்னால் நின்றிருந்தான். தாடி வளர்ந்திருக்கிறது. தொப்பி இல்லை. "வா மச்சான், ஒண்ணு காட்டறேன்" என்று சொல்லி யந்திரத்தின் பின்கதவைத் திறந்தேன். ஹூபர் கத்தினான்: "யோவ் ஆல்பன், புத்தி கெட்டுப்போச்சா? தொழில் ரகசியத்தை நடுக்கடையில விரிக்கிறே!" நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினேன்.

"எண்ணு" என்றேன்.

எண்ணினான். பத்துப் படம். ஒரு மணி.

"கிட்ட வந்துச்சு கிட்ட வந்துச்சுன்னு சொல்றியே, அது கிட்டயே வரலடா. வர்ற மாதிரி தெரியணும்னுதான் நான் செஞ்சிருக்கேன். உன்னை மாதிரி ஆளுங்களுக்காகவே செஞ்சது."

குனிந்து உள்ளே பார்த்தான். அழப்போகிறான் என்று நினைத்தேன். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்: "அப்போ ஒண்ணு இருக்குல்ல, அத்தான்?"

கதவை அவனே சாத்தினான். காசைப் போட்டான்.

புர்கி, பத்து வருஷமாக இந்தச் சாமானைச் செய்கிறேன். அன்றைக்குத்தான் அது என்னவென்று பார்த்தேன்.

அன்றே யந்திரத்தைக் கழற்றிக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் சனிக்கிழமை அதே இடத்தில் வேறு ஒருவனின் யந்திரம் நின்றது. அதன் முன்னால் ஸெவரின். நான் சொன்னது பலித்துவிட்டது. பலித்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். வீட்டுக்கு வா.

உன்,
ஆல்பன்


பெட்டலூமா
30 மார்ச் 1903

அன்புள்ள ஆல்பனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கோழிக்கொட்டகை வாசலில் நின்று இரண்டு தடவை படித்தேன்.

ஸெவரினை இங்கே அனுப்புங்கள். ரெஸியின் வீட்டுக்காரர் புதிதாகக் கொட்டகை கட்டுகிறார், தச்சன் வேண்டும். நடந்து போகும் தூரத்தில் மதுக்கடை கிடையாது. வர மாட்டேன் என்றால், அக்கா படுத்துக் கிடக்கிறாள் என்று சொல்லுங்கள். பொய்தான். ஆனாலும் ரொம்பப் பொய் இல்லை.

என்னைப் பற்றி என்ன எழுத? நீங்கள் அந்த யந்திரத்தை எடுக்கும் நாளில் பெட்டியைக் கட்டிவிடுவேன் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். கடிதத்தை மடித்து வைத்தேன். பெட்டியை எடுக்க எழுந்திருக்கவில்லை. போய் முட்டை பொறுக்கினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பட்டறையில் இன்னும் எட்டு நிற்கிறது, இல்லையா? அவை வேறு யாரோ அக்காக்களின் தம்பிகளுக்கு. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அந்த மணிகளை வரைந்தவளே நான். ஆனால் அந்த மேஜையில் இனி என்னால் உட்கார முடியாது. அந்த மேஜை இல்லாத வீடு உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

வால்புர்கா


சான் பிரான்சிஸ்கோ
6 ஏப்ரல் 1903

அன்புள்ள புர்கி,

இன்று காலை ஸெவரினை நீராவிப் படகில் ஏற்றிவிட்டேன். இந்தக் கடிதம் அவன் பின்னால் தபாலில் வருகிறது. நீ சொன்ன பொய் தேவைப்படவில்லை. "எனக்குக் களைச்சுப் போச்சு, அத்தான்" என்றான், அவ்வளவுதான். புது உளிகளும் இழைப்புளியும் ஒரு ரம்பமும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வழியில் விற்காமல் கொண்டுவந்து சேர்த்தால் நல்லது.

படகுத்துறையில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்களும் வாங்களேன். கொட்டகை கட்ட ரெண்டு ஆள் வேணுமாம்."

"எட்டு யந்திரம் பாதியில நிக்குதுடா. வியாழக்கிழமை கொடுக்கணும்" என்றேன்.

"கொடுத்துட்டு?"

"அப்புறம் இன்னொரு ஆறு கேட்டிருக்காங்க."

சிரித்தான். கிண்டல் இல்லை. "உங்களாலயும் விட முடியலல்ல, அத்தான்?"

கருவிப் பையை அவன் தோளில் மாட்டிவிட்டு, படகில் ஏறச் சொன்னேன்.

எனக்கு நாற்பத்தேழு வயது, புர்கி. வேறு வேலை தெரியாது என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். தெரியாமல் இல்லை.

உன் கம்பளி அங்கி, செப்புச் சட்டி, உன் அம்மா கொடுத்த ஜெபப்புத்தகம் மூன்றையும் அவனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அங்கியின் கையில் பூச்சி அரித்த இடத்தை நானே தைத்தேன். தையல் கோணலாக இருக்கும். அங்கே காலையில் குளிர் அதிகம் என்கிறார்கள். போட்டுக்கொள்.

ஆல்பன்