ரம்புத்தான் மரத்தடி எறும்புகள்

12 மார்ச், செவ்வாய்

மறுபடியும் அந்தப் பிசாசு எறும்புகள். கட்டைவிரல் கணு நீளம். உடம்பு கறுப்பு, பின்பக்கம் செம்பழுப்பு. பின்வேலிக்கு அப்பால் மலைக்காடு. பொழுது சாய்ந்ததும் அங்கிருந்து இறங்கி ரம்புத்தான் மரத்தில் ஏறிவிடும். இத்தனை வருடமும் அப்படித்தான். இப்போது மட்டும் என் சமையலறைச் சன்னலுக்குக் கீழே, மரத்தடியிலேயே மொய்க்கின்றன.

எல்லாம் வினோதன் வேலை. டின் பால் போட்ட தேத்தண்ணியைக் கொண்டுபோய் அங்கே ஊற்றுகிறான். அம்மா போனதிலிருந்து வீட்டை விற்க வேண்டும் என்று நிற்கிறான். நான் கையெழுத்துப் போட மாட்டேன். முன்கட்டு எனக்கு, பின்னறை அவனுக்கு. கூடப்பிறந்த தம்பியாம்!

14 மார்ச்

துணி காயப்போடும்போது ஒன்று கடித்துவிட்டது. கூட்டத்தில் பெரிய தலையுள்ள எறும்புதான் — பிய்த்து எடுத்தும் தாடையை விடவில்லை. நான் கத்த, பின்னறையிலிருந்து சிரிப்பு. “நல்லா வேணும்லா உனக்கு!”

கொதிநீர் ஊற்றினேன். நாளை விஷப்பொடி வாங்க வேண்டும்.

17 மார்ச், ஞாயிறு

கையும் களவுமாகப் பிடித்தேன். தேத்தண்ணி இல்லை. அந்தியில் மரத்தடியில் நின்று மூத்திரம் பெய்கிறான், கழுதை.

“வெட்கமா இல்ல?”

“பாத்ரூமுக்குப் பூட்டு போட்டது யாரு? நீயே வச்சிக்க, மகாராணி!”

பூட்டு போட்டேன்தான். என் கட்டு, என் பாத்ரூம். அவன் வேலை செய்யும் ஃபேக்டரி மாக் மண்டினில் இருக்கிறதே, அங்கே போகட்டும்.

18 மார்ச்

விஷப்பொடியும் கையுமாக நின்றவளைப் பக்கத்து வீட்டு ஆயிஷா பார்த்தாள். பள்ளியில் உயிரியல் டீச்சர். தம்பி செய்வதைச் சொன்னேன். “மூத்திரத்துக்கு இந்த எறும்பு வரும்க்கா, உப்புக்காக. எங்க பூனை போற இடத்துக்கும் ஒண்ணு ரெண்டு வரும். ஆனா இப்படிக் கூட்டமா… உங்க அம்மாவுக்கு சுகர்தானே?”

அப்போதுதான் வினோதனை நினைத்துப் பார்த்தேன். அவன் இடுப்பில் நிற்காத காற்சட்டை. எப்போதும் கையில் தண்ணீர் போத்தல். ஒரு மாசமாய் இடது காலில் கட்டு — செருப்புக் கடி என்று ஆயிஷாவிடம் சொன்னானாம். அம்மாவுக்கும் செருப்புக் கடியில்தான் தொடங்கியது. காலை முழங்கால் வரை எடுத்தும் அம்மா பிழைக்கவில்லை.

பொடியைப் போடவில்லை.

19 மார்ச்

சொன்னேன். கதவை முகத்தில் அறைந்தான். “என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு வீட்டைப் பூட்டப் பாக்குறியா? ஆள விடுலா!”

தொலையட்டும். எனக்கென்ன வந்தது?

— எனக்கென்ன வந்ததாம்?

21 மார்ச்

தூக்கமில்லை. காலையில் அவன் கதவுக்கு வெளியே நின்று கத்தினேன்: “ரத்தம் டெஸ்டுக்குக் குடுத்துட்டு வா. வீட்டுக் காகிதத்துல கையெழுத்துப் போடறேன்!”

கதவு திறந்தது. “சத்தியமா?”

“அம்மா மேல சத்தியம்.”

உடனே கிரேப் டாக்சியைக் கூப்பிட்டான், பேராசை பிடித்தவன்.

22 மார்ச்

ரத்தம் எடுத்த அன்றே வார்டில் சேர்த்துவிட்டார்கள். டாக்டர் என்னைத்தான் திட்டினார். “ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எப்படிம்மா தெரியாமப் போச்சு?” இடது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டுமாம். கால் தப்பிவிடும் என்றார்.

பாத்ரூம் பூட்டைக் கழற்றிச் சாக்கடையில் எறிந்தேன்.

4 ஏப்ரல்

வந்துவிட்டான். சர்க்கரையில்லாத கோப்பி கொடுத்தால், “விஷம் கலந்தியா?” என்கிறான். “கலந்தா இத்தன கசப்பா இருக்காதுடா” என்றேன்.

காகிதத்தைப் பற்றி இன்னும் பேச்சில்லை. நானும் பேனாவை மேசை மேல் வைத்தபடிதான் இருக்கிறேன்.

19 ஏப்ரல், வெள்ளி

பாத்ரூம் திறந்தே கிடக்கிறது. இவன் இன்னும் நொண்டிக்கொண்டு மரத்தடிக்குத்தான் போகிறான். வீம்பு பிடித்த ஜென்மம். காகிதத்தைக் கேட்கவும் இல்லை.

இன்று அவன் உள்ளே போனதும் டார்ச்சோடு இறங்கிப் போய், ஈரமண்ணுக்குப் பக்கத்தில் குந்தினேன். எறும்புகள் வந்தன. ஆயிஷா வீட்டுப் பூனைக்கு வருவதுபோல ஒன்றிரண்டு மட்டும் நின்று முகர்ந்தன. மற்றவை நிற்காமல் ரம்புத்தான் மரத்தில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தன.

“அங்க என்ன பண்ற?” என்று பின்னறைச் சன்னலிலிருந்து கத்தினான்.

“உன் வேலையப் பாருடா” என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவனுக்குக் கேட்டிருக்கும்.