விடிகாலை நாலு மணி ஜீவிதா

பிப்ரவரி 5, திங்கள்

ஹனூரிலிருந்து அம்மா போன். புது வரன். பெயர் கவின்ராஜ். நஞ்சன்கூடு பக்கம் பிஸ்கட் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஊரில் மூன்று ஏக்கர் தோட்டம். ஒரே தங்கை, கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

"தங்கமான பையன் கண்ணு. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது" என்றாள். போன வரனுக்கும் இதையேதான் சொன்னாள். அவனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது.

போட்டோவும் நம்பரும் அனுப்பியிருக்கிறாள், பேசிப் பார் என்று.

பிப்ரவரி 6, செவ்வாய்

பேசவில்லை. பார்த்தேன்.

டெலிபோன் கம்பெனியில் வேலை செய்வதில் இது ஒரு வசதி. நம்பரைத் தட்டினால் ஆளின் ஜாதகமே திரையில் வந்துவிடும். திறப்பதற்கு முன்னால் ஒரு கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். எல்லோரும் எழுதுவது ஒன்றேதான்: 'வாடிக்கையாளர் வேண்டுகோள்'. பக்கத்து சீட் முரளிதரன் அப்படி எழுதியே தன் வீட்டு ஓனர், மச்சினன், ஜிம் மாஸ்டர் வரைக்கும் திறந்து பார்த்தவன். எல்லோரும் வந்து அவனிடம் வேண்டிக்கொண்டார்களாம்.

நானும் அதையே எழுதினேன். முதல் தடவை சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டேன். இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

பிப்ரவரி 7, புதன்

ஒரே நம்பருக்குத் தினமும் கூப்பிடுகிறான். விடிகாலை நாலு மணி. மதியம் இரண்டு. ஒரு நாள் ராத்திரி பதினொன்றே கால். எந்த அழைப்பும் பத்து விநாடியைத் தாண்டவில்லை. நம்பர் யார் பெயரில்? அதே திரையில் இருக்கிறது: ஜீவிதா, வயது 24.

பத்து விநாடியில் என்ன பேச முடியும்? "எழுந்துட்டியா?" "ம்." அவ்வளவுதானே?

முரளியிடம் காட்டினேன். "பத்து செகண்ட்ல பேசி முடிக்கிறாங்கன்னா ரொம்ப வருஷப் பழக்கம், ஜோதி. விட்டுடு தாயே" என்றான்.

வயிறு எரிகிறது. இன்னும் நேரில் பார்க்காத ஆளுக்காக எரிகிறதே, இது என்ன கூத்து?

பிப்ரவரி 8, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் என் போனிலிருந்தே அவளுக்கு அடித்தேன். எடுத்தாள். பேசவில்லை. "யாருங்க நீங்க?" என்றேன். கட். மறுபடி அடித்தேன். எடுத்தாள், கட். ஏழு தடவை! என்ன திமிரு அவளுக்கு! ஏழாவது தடவை மூச்சுவிடாமல் கத்தினேன்: "கல்யாணம் பண்ணிக்கப் போறவருடி அவரு, வெக்கமா இல்ல?" பொறுமையாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

தயிர்சாதத்தை முரளி பக்கம் தள்ளிவிட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

அவன் வந்தான். தேவராஜ மொஹல்லா பேட்டையில் எங்கள் கம்பெனிக்கு இத்தனை கடை இருக்க, நேராக என் கவுன்டருக்கே. போட்டோவைவிட ஒல்லி. என்னைப் பார்த்ததும் அவனுக்கு வெட்கம் வேறு.

"ஞாயித்துக்கிழமை வரப்போற எடத்துல முன்னாடியே வந்து நிக்கறன்னு நெனைக்காதீங்க. ஒரு கம்ப்ளெயின்ட்டுங்க. எங்க மோட்டாருக்கு யாரோ போன் பண்றாங்க."

"எதுக்கு?"

"கெணத்து மோட்டாருங்க. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள சிம் இருக்குதுல்ல? நான் இங்கிருந்து அடிச்சா அது எடுத்துட்டு வெச்சிரும், மோட்டார் ஓடும். இன்னொருக்கா அடிச்சா நிக்கும். கரன்ட் எப்ப வருதோ அப்ப அடிக்கோணும். நடுராத்திரின்னாலும்."

ஐயோ. எங்கள் தோட்டத்திலும் அதே பெட்டி இருக்கிறது. அப்பா போர்வைக்குள்ளிருந்தே அதற்குப் போன் அடிப்பதை எத்தனை விடிகாலை பார்த்திருக்கிறேன்! ஹனூர்க்காரி, அதுவும் போன் கம்பெனிக்காரி, எனக்குத் தோணலையே!

"சிம் யார் பேர்லங்க?" தெரிந்தேதான் கேட்டேன்.

"தங்கச்சி ஜீவிதா பேருலங்க. கல்யாணமாகிப் போறப்ப பழைய சிம்மைக் குடுத்துட்டுப் போச்சு."

நேற்று மதியம் மோட்டார் ஓடி நின்று, ஓடி நின்று, ஏழாவது தடவை ஓடியது ஓடியபடியே இருந்திருக்கிறது. தக்காளி முழுக்க வெள்ளம். கிணறு வற்றி, மோட்டாரின் கம்பிச் சுருள், அதாவது காயில், கருகிவிட்டது. அவன் அப்பா அய்யாவு, முனி இறங்கிவிட்டது என்று பூசாரியைக் கூட்டிவந்து மோட்டாருக்கு வேப்பிலை அடித்தாராம்.

"எந்த நம்பருன்னு பார்த்துச் சொல்லுங்க. நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேக்கோணும்."

சிஸ்டம் வேலை செய்யவில்லை என்றேன். பக்கத்தில் முரளி அதே சிஸ்டத்தில் யாரோ ஒருவரின் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 10, சனி

பட்ட காலிலே இன்னொரு அடி. மேனேஜர் நிர்மலா மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். தணிக்கையாம். யார் எந்த நம்பரைத் திறந்தார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. வாடிக்கையாளர் வேண்டுகோள் என்றால் அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் நடவடிக்கை.

என் பெயருக்கு நேரே ஒரே நம்பர், நாலு தடவை. முரளிக்கு மூன்று பக்கம். நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டான்.

நாளைக்குப் பெண் பார்க்க வரும்போது கவின்ராஜிடமே ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால்? கேட்கலாமா? எந்த முகத்தோடு?

பிப்ரவரி 11, ஞாயிறு, ஹனூர்

கவின்ராஜோடு தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஏழு தடவையும் நீங்கதானா? மோட்டாரைத் திட்டுனீங்களா?" என்று சிரித்தார். அப்புறம் அவருடைய அழைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்கம்மா கூட என் போனைத் தொட்டதில்லைங்க. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றார்.

கையெழுத்தைக் கேட்கவே இல்லை. அவர்கள் போனபின் பஜ்ஜித் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. "அந்தப் பையன்கிட்ட என்னத்தடி சொன்ன?" என்று அம்மா அழுதாள்.

அந்த மனுஷன் முகம் சுருங்கியது கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. தப்பு என்னுடையது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை இன்றைக்கா கண்டுபிடிக்க வேண்டும்?

பிப்ரவரி 12, திங்கள்

விளக்கக் கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். காரணம்: சந்தேகம், பிறகு பொறாமை. நிர்மலா மேடம் இரண்டு தடவை படித்தார்.

பிப்ரவரி 19, திங்கள்

முரளிக்கு வேலை போய்விட்டது. எனக்குத் திரை போய்விட்டது. இனிமேல் மார்க்கெட் வாசலில் குடைக்கு அடியில் நின்று சிம் விற்க வேண்டும். ஒரு பக்கம் மல்லிகைப்பூ, ஒரு பக்கம் வெற்றிலை, நடுவில் நான்.

பிப்ரவரி 24, சனி

அலுவலகத்துக்குப் போய் என் நம்பரின் மூன்று மாதப் பட்டியலை எழுதிக்கொடுத்து வாங்கினேன். காரணக் கட்டத்தில் 'வாடிக்கையாளர் வேண்டுகோள்'. இந்த ஒரு தடவை அது நிஜம்.

அதை அவருக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவருடையதை நான் பார்த்தேன், என்னுடையதை அவரும் பார்க்கட்டும்.

மார்ச் 3, ஞாயிறு

பதில் இல்லை.

மார்ச் 9, சனி

மெசேஜ்! "ஒரே மாசத்துல பிரியாணிக் கடைக்கு இருபத்திரண்டு தடவைங்களா?"

"அதுல பாதி, ஏன் இன்னும் வரலைன்னு கேட்டதுங்க" என்று அனுப்பினேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

குடைக்கு அடியில் நல்ல வெயில். கையில் ஸ்டார்ட்டர் பெட்டியோடு வந்து நின்றார். மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டியாகிவிட்டதாம், ஸ்டார்ட்டரும் புதிது. தங்கை தன் பழைய நம்பரைத் திரும்பக் கேட்டுவிட்டாளாம். புது சிம் வேண்டும்.

"யார் பேருலங்க?"

"உங்க பேருலயே போட்டுக்குங்க. அந்த மோட்டாரு எப்படியும் நீங்க சொன்னாத்தான் கேக்குது."

என் ஆதார், என் போட்டோ, என் கையெழுத்து. பூக்காரம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

இனிமேல் யாராவது கவின்ராஜின் பட்டியலைத் திருட்டுத்தனமாகத் திறந்தால், தினமும் விடிகாலை நாலு மணிக்கு அவர் ஜோதிமணி என்ற ஒருத்தியைக் கூப்பிடுவது தெரியும்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து, பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்கி வைக்கச் சொன்னேன்.