வேப்பிலை செருகிய நாள்

மேலகரம்
7.6.82

அன்புள்ள குழல்வாய்மொழிக்கு,

நேற்று உன் வீட்டுக்கு வந்தபோது, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த கபடிச் சான்றிதழில் தேதியைத்தான் முதலில் பார்த்தேன். 22.11.81. அன்றைக்கு நீ அம்மை கண்டு படுத்திருந்தாய். ஆலங்குளத்தில் ஆடியவள் நான்.

ஏழு பேரில் ஒருத்தி குறைகிறாள் என்று உங்கள் பி.டி. டீச்சர் என்னைத் தேடி வந்தார். "ஒரு நா அவ பேர்ல ஆடிட்டு வாட்டி, ஒனக்கு என்ன கொறஞ்சு போவும்?" என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவளைக் கூப்பிட்டதே பெரிதென்று வந்தேன். கடைசி ஆட்டத்தில், பாடி வந்த வாசுதேவநல்லூர்க்காரி நடுக்கோட்டைத் தொட ஒரு சாண்தான் இருந்தது. கணுக்காலைப் பிடித்தேன். தரையோடு இழுத்துக்கொண்டு போனாள். விடவில்லை. சுண்டுவிரல் ஒடிந்தது. இன்றைக்கும் பீடி சுற்றும்போது அது மட்டும் மடங்காமல் நிற்கிறது.

நேற்று உன் அம்மா விருந்தாளியிடம், "எங்க மொழி ஆலங்குளத்துல ஆடி வாங்கினது" என்றார்கள். அன்று வாசலில் வேப்பிலை செருகியதே அவர்கள்தான்! நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். டீச்சரிடம் சொல்லி, ஆடியவள் பெயருக்கு மாற்றி வாங்கித் தா.

உன் தோழி,
முருகம்மாள்

தென்காசி
11.6.82

அன்பு முருகு,

கோபப்படாதே. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் திருநெல்வேலிக் கல்லூரியில் விளையாட்டுக்கான இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வருகிற 21ஆம் தேதி நேரில் வந்து ஆடிக் காட்டச் சொல்லிவிட்டார்கள். பள்ளியில் ஏழு பேர் கணக்குக்காகத்தான் என் பெயரைச் சேர்த்தார்கள்; எனக்குக் கோட்டில் நிற்கக்கூடத் தெரியாது என்று உனக்குத் தெரியும். அங்கே யாருக்கும் என் முகம் தெரியாது. இன்னும் ஒரே ஒரு தடவை நீ போய் ஆடு. "சீட்டு கெடைக்கலன்னா ஆவணியில கல்யாணம்" என்று அப்பா சொல்லுதாவ.

கேட்கிறேனே என்று தப்பாக நினைக்காதே, உனக்கு அந்தச் சான்றிதழ் என்னத்துக்குட்டி? பீடித்தட்டுக்கு மேலே மாட்டவா?

குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம். சீட்டு கிடைத்ததும் இருவரும் ஐந்தருவிக்குப் போவோம். பஸ்ஸுக்குப் பணம் இதோடு வைத்திருக்கிறேன்.

உன்,
மொழி

மேலகரம்
22.6.82

குழல்வாய்மொழிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கல்யாணம் என்று எழுதிய இடத்தில் மனசு இளகியது. அடுத்த வரியில் பீடித்தட்டு வந்தது. உன் பணத்தை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். ஐந்தருவிக்கு நீ போய்விட்டு வா.

நேற்று என் காசில் திருநெல்வேலிக் கல்லூரிக்குப் போனேன். பெயர் கேட்காமலே ஆட்டத்தில் இறக்கினார்கள். பாடி வந்தவர்களில் ஐந்து பேரைப் பிடித்தேன். ஐந்தாவதாக வந்தவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "நீ என்ன பிள்ளையா, உடும்பா?" என்று சிரித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை எந்தச் சட்டத்தில் போட்டு மாட்டுவாய்?

ஆட்டம் முடிந்ததும் கல்லூரி டீச்சரம்மா பெயர்ப் பட்டியலை எடுத்து, "குழல்வாய்மொழி!" என்று கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். நான் அசையவில்லை. மற்றவர்களையெல்லாம் கூப்பிட்டு முடித்திருந்ததால், நேராக என் பக்கத்திலேயே வந்து, "ஏட்டி, ஒன்னத்தான் கூப்பிடுதேன், காது கேக்கலியா?" என்றார்.

அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கினேன். உன் பெயரை அடிக்கவில்லை. பட்டியலின் அடியில் என் பெயரை எழுதினேன்.

முருகம்மாள்