ஜிம்மியை எரிக்க ஓர் ஆள்

மாசி மாதம், வெள்ளி இரவு

காலையில் எங்கள் நாய் ஜிம்மி செத்துக் கிடந்தான். முற்றத்தில் கிடங்கு வெட்டினால் எதைப் புதைக்கிறாய் என்று ஆமிக்காரர் வருவார்கள். அதனால் எரிப்பதென்று என் மனுசனும் நானும் முடிவெடுத்தோம். ஆனால் யாரை நம்பிக் கொடுப்பது? பக்கத்து வீட்டில் செத்த பூனையை எரிக்கிறேன் என்று வாங்கிப்போனவன் கடலில் எறிந்துவிட்டான். மறுநாள் அது துறைமுகக் கரையில் ஒதுங்கிக் கிடந்தது.

விறகு கொத்தும் சின்னராசா வந்தான். போன வருடம் ஜிம்மி கடித்தது அவன் காலைத்தான்.

"உன்னை எப்பிடியடா நம்புறது?" என்றேன்.

"என்னைக் கடிச்சவனெல்லோ, அக்கா. முழுக்கச் சாம்பலாகிறதைப் பாக்காமல் அசைவேனோ?"

அழுதுகொண்டிருந்த மனுசனும் சிரித்துவிட்டார்.

ஊரடங்குக்கு முன்பே சுடலைக்குப் போய் எரித்தோம். சின்னராசா சொன்னபடி கடைசிவரை நின்றான். சாம்பலை ஒரு மண்முட்டியில் அள்ளித் தந்தான்.

"உனக்கும் கொஞ்சம் வேணுமோடா?" என்று சீண்டினேன்.

சாரத்தை உயர்த்திக் கெண்டைக்காலில் இருந்த பல்லடையாளத்தைத் தடவினான்.

"எனக்கு இதுவே காணும், அக்கா."

சாம்பல் முட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு மனுசன் படுத்திருக்கிறார். அவரை நாளைக்குப் பகிடி பண்ணுவேன். இன்றைக்கு ஏலாது.