தெற்கே விழுந்தவை

4 மார்ச் 2025, செவ்வாய்

அருங்காட்சியகத்தில் புதிய காட்சி திறந்தாயிற்று. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன்காரர் லண்டனுக்கு ஏவிய, ஆளில்லாமல் பறக்கும் வி-1 குண்டு. ஒஸ்லோவுக்கு இது ஒன்றுதான் குறை. நாள் முழுக்க அதற்குப் பக்கத்தில் காவல் நிற்பது என் வேலை. மூக்கில் ஒரு சின்னக் காற்றாடி. அது சுற்றிச் சுற்றித் தூரத்தை எண்ணும், கணக்கு முடிந்ததும் குண்டு விழும். யார் தலையில் என்று ஏவினவனுக்கும் தெரியாது. இதற்குப் பெயர் விஞ்ஞானமாம்.

6 மார்ச், வியாழன்

பொறுப்பாளர் லூக்காஸ் எழுதிய விளக்கப் பலகையை இன்றுதான் முழுதாக வாசித்தேன். தெற்கிலிருந்து வரும் குண்டுகள் நகரைத் தாண்டி விழுகின்றன என்று, ஜேர்மனிக்கு வேலை செய்வதுபோல் நடித்த பிரிட்டிஷ் உளவாளிகள் பொய்த் தகவல் அனுப்பினார்களாம். ஜேர்மன்காரர் அதை நம்பித் தூரத்தைக் குறைக்க, அவை தெற்குப் பக்கத்திலேயே விழுந்தனவாம். ‘நகரின் இதயத்தைக் காத்த புத்திசாலித்தனம்’ என்று தலைப்பு வேறு. தெற்கே இருந்தது என்ன, மாட்டுக் கொட்டிலா? கேட்டேன்.

“அங்கே சனம் குறைவு, இந்திரா” என்றான், சிரித்துக்கொண்டு. படித்த முட்டாள்.

தொண்ணூறில் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிப் போட்ட குண்டு எங்கள் வீட்டு ஒழுங்கையில் விழுந்தது. அதில் செத்த அண்ணாவின் பெயரை எந்தப் பலகையில் எழுதினார்கள்? இனி வருகிற ஒவ்வொருவருக்கும் தெற்கைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன்.

11 மார்ச், செவ்வாய்

யாரோ முறைப்பாடு செய்துவிட்டார்கள். பார்வையாளருக்கு விளக்கம் சொல்வது என் வேலை இல்லை என்றான் லூக்காஸ். நிரந்தர வேலை யாருக்கு என்பது வெள்ளிக்கிழமை முடிவாகுமாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். கோழை.

மகள் கம்சிகா கோழைத்தனத்தில் அவனுக்கும் மேலால். “அம்மா, ஆறு வருசமா தற்காலிகமா நிக்கிறீங்கள். மூண்டு நாள் வாயை மூடிக்கொண்டு நிண்டா என்ன குறைஞ்சு போகும்?”

பயந்தாங்கொள்ளியைப் பெத்து வைச்சிருக்கிறன்.

12 மார்ச், புதன்

வாய் திறக்கவில்லை. கால் வலி மட்டும்.

14 மார்ச், வெள்ளி

காலையில் ஒரு வயதான இங்கிலாந்துக்காரர் வந்தார். பலகையை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “அப்படியென்றால் தெற்கே இருந்த சனம்?” என்று கேட்டார். இத்தனை நாளில் அதைக் கேட்ட ஒரே மனிதர். லூக்காஸ் வாசலில் நின்றான்.

“எனக்குத் தெரியாது” என்றேன். “பலகையில் இருப்பதுதான்.”

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மூன்று மணிக்குக் கடிதம் தந்தார்கள். நிரந்தரம். எங்கள் புருசெத் வீட்டில் கம்சிகா கேக் வாங்கி வைத்திருந்தாள். அண்ணாவின் படத்துக்கு முதுகு காட்டி இருந்து இரண்டு துண்டு சாப்பிட்டேன்.